கண்டலும் கரியும்

விழாவென்று கல்லூரி அழைத்தால் பழைய மாணவர் பலர் கடல் கடந்தும் வருகின்றனர். இலண்டனிலும் மெல்பேணிலும் வாழ்வோர்க்குத் தாயகம் வருதல் இன்று ஒருநாட் பயணம். அப்பயணத்துக்குச் சீட்டில் அச்சிடப்படாத விலையொன்றுண்டு. இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்து மீளும் ஒருவரின் பங்காக வானிற் கலக்குங் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. அதற்கு ஈடாக எங்கோ ஒரு காட்டைக் காக்கப் பணந் தருமாறு பயணிகளையும் உல்லாசப் பிரயாணிகளையும் கேட்கும் வழக்கம் உலகில் ஏற்பட்டுள்ளது. சட்டத்தின் கட்டாயமன்று, விரும்பினோர் தரலாம். “அப்பணத்தை எமது வாவிக்கரைக் கண்டற்காட்டுக்கே கொடுக்கலாகாதா?” என்று, கடல் கடந்து வாழும் எம் வகுப்புத் தோழர் ஒருவர் வினவினார். ஓரிரு சொற்களில் விடைகூறத்தக்க வினாவன்று அது.

செட்டிபாளையம் கிழக்கே கடலையும் மேற்கே வாவியையும் எல்லையாகக் கொண்ட எழுவான்கரை ஊர். நெய்தற்றிணையைப் பாடஞ் சொல்லுங்கால் கருப்பொருள்களைக் காட்ட எமக்குப் படம் வேண்டியதில்லை. மாணாக்கரை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றாற் போதும். தில்லை மரத்தின் பால் கண்ணிற் படலாகாது என்பதைப் பிள்ளைகள் நன்கறிவர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்ததும் அம்மரமே என்று கூறியபொழுது அவர்கள் முகத்திற் றோன்றிய வியப்பை நாம் மறந்திலேம். கண்டல் வேர்களிடையே இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அத்தாங்கு கொண்டு இறால் பிடித்து வாழுங் குடும்பங்களுக்கு அக்காடு குறைந்தால் உலையில் அரிசி குறையும்.

அக்காட்டின் பெருஞ் செல்வம் கண்ணுக்குத் தெரியாமற் சேற்றினுள் இருக்கின்றது. உப்புநீர் தோய்ந்த சேற்றில் காற்றோட்டம் இன்மையால் உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் எளிதில் உக்குவதில்லை. ஆதலின், அவற்றிலுள்ள கரி நூற்றாண்டுக் கணக்கிற் சேமிக்கப்படுகின்றது. காட்டை அழித்துச் சேற்றைக் கிளறினால் அச்சேமிப்பு வானுக்கே மீளும். இங்கே தமிழாசிரியர்க்கே உரிய ஒரு குறிப்பைச் சொல்லாதிருக்க இயலவில்லை. கரி என்னுஞ் சொல்லுக்குச் சான்று என்பதும் பழம்பொருள். திருக்குறளிலும் அப்பொருளில் அது வந்துள்ளது. கரியை விற்பவனுக்கு முதலில் வேண்டுவதும் கரியே. மரம் உயிரோடு நிற்கின்றது என்பதற்குச் சான்று யாவர்?

கென்யாவின் தென்கரையில் காஸி என்றொரு குடா உண்டு. அங்கே 117 ஹெக்டேயர் கண்டற்காட்டை ஊர்மக்கள் காத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 தொன் அளவான காபன் ஈட்டை 2013 முதல் விற்று வருகின்றனர். வந்த பணம் குடிநீர்க் குழாயாகவும் பாடசாலைப் புத்தகமாகவும் ஊருக்குள்ளே தங்குகின்றது. அவ்வூர்ப் பெண்கள் காட்டினூடே பலகைப் பாலம் அமைத்து, காணவருவோரிடம் கட்டணமும் பெறுகின்றனர். போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் கணக்கை நோக்குமின்: அக்காடு முழுவதும் ஓராண்டு உழைத்து ஈடுசெய்வது, இலண்டனிலிருந்து கொழும்பு வந்து மீளும் மூவாயிரம் பேரின் பயணத்துக்கும் போதாது. பணந் தந்துவிட்டோம், இனி எத்துணை முறையும் பறக்கலாம் என்று எண்ணுவார்க்கு இக்கணக்கு இனிக்காது.

வேறோர் இடருமுண்டு. காக்கப்பட்டதாகக் கூறி விற்ற காடுகளிற் பல, எவரும் அழிக்க முற்படாத காடுகளே என்னும் ஐயம் எழுந்துள்ளது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்டியனும் ஜெர்மனியின் டி சைட் இதழும் இதனை விரிவாக வெளியிட்டன. எம்மிடமும் அவ்வினாவே கேட்கப்படும். 2015ஆம் ஆண்டில் இலங்கை அரசு, சுதீச, சீக்கோலஜி என்னும் அமைப்புகளோடு சேர்ந்து, நாட்டின் கண்டற்காடுகள் யாவற்றையுங் காக்கும் திட்டத்தைத் தொடக்கிற்று. கரையோரப் பெண்களுக்குச் சிறு கடனும் தொழிற்பயிற்சியும் அளித்து, அதற்கு மாறாகக் காட்டைக் காக்கச் செய்தல் அத்திட்டத்தின் வழி. அதற்கான பணம் நன்கொடையே. காபன் விற்ற பணமன்று. அரசு காக்கும் மரத்தை நாம் காப்பதாகச் சொல்லி விற்பது எங்ஙனம்? காவல் ஏட்டளவில் நின்றவிடத்தும், அழிந்த காட்டை மீள வளர்த்தவிடத்துமே நாம் விலை கூறலாம்.

மீள வளர்த்தலோ எளிதன்று. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் இலங்கைக் கரையோரங்களில் முளை நாட்டாதார் இலர் என்னலாம். நாட்டப்பட்ட 1,000 முதல் 1,200 வரையான ஹெக்டேயரில் 200 முதல் 220 வரையே தழைத்தன என்று 2017இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. எம் வாவிக்கரையிலும் பதாகை கட்டி, படம் பிடித்து, முளை நாட்டிச் சென்ற ஓர் அமைப்பினரை நாமறிவோம். நாட்டிய இடம் ஆழமானது. அடுத்த மாரி வெள்ளத்தோடு முளைகள் போயின. பதாகைக் கம்புகள் நெடுநாள் நின்றன. அவ்விடத்தில் முளை பிடியாது என்பதை அங்கு வீச்சுவலை எறியும் முதியவர் எவரும் சொல்லியிருப்பர்; கேட்பார்தாம் இல்லை.

ஆகவே எம் தோழர்க்கு நாம் கூறுவது இது. பணந் தருக, ஆயின், நாட்டிய நாளில் முழுவதையுந் தராதீர். ஐந்தாண்டுகட்குப் பகிர்ந்து, ஆண்டுதோறும் உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணிய பின் தருக. எண்ணுவோர் ஊர்ப் பாடசாலை மாணாக்கராகவும் மீனவராகவும் இருத்தல் வேண்டும். ஏடு பாடசாலையில் இருக்கட்டும். அதற்குக் காபன் ஈடு என்று பெயர் சூட்டுதல் இப்போதைக்கு வேண்டாம். அளந்து சான்றளிப்பார்க்கு ஆகுஞ் செலவை எம்மைப் போன்ற ஒரு சிற்றூர் தனித்துத் தாங்காது. வாவியின் இருகரை ஊர்களும் ஒன்றுகூடினால் பிறகு அதனை எண்ணிப் பார்க்கலாம். படுவான்கரையாரோடு அதுபற்றிப் பேச வேண்டியிருக்கின்றது.

விழாவுக்கு வரும் பழைய மாணவர் எவரேனும் நேரிற் காண விரும்பின், பாடசாலை நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பின் எம்மோடு வாவிக்கரைக்கு வரலாம். செருப்பைக் கரையில் விட்டுச் சேற்றில் இறங்க வேண்டியிருக்கும்.