நூறு நாள் வெயில்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்கள் கம்பம். கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலை, நடுவே முல்லைப் பெரியாற்று நீரில் செழிக்கும் நெல்வயலும் திராட்சைப் பந்தலும். இங்கேயே பிறந்து வளர்ந்த என் அம்மாவுக்கு வெயில் போதவில்லை என்று மருத்துவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கியது. அம்மா ஏலத்தோட்டத் தொழிலாளி. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போவார். பொழுது சாயத் திரும்புவார். ஏலம் நிழலில் வளரும் பயிர். பெருமரங்களின் அடியில், முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாகக் குனிந்து காய் எடுப்பவருக்கு வெயில் ஏது? நம் தோலில் வைட்டமின் டி உண்டாகப் புற ஊதாக் கதிர் பட வேண்டும். அக்கதிர் உச்சிப்பொழுதை ஒட்டியே மிகுதி; காலை இளவெயிலிலும் மாலை வெயிலிலும் குறைவு. கருத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். உணவிலோ மத்தி மீன், முட்டையின் மஞ்சள் கரு என்று சிலவற்றில்தான் அது உண்டு. அம்மாவின் இடுப்பு வலிக்குக் காரணம் இதுவே என்றார் மருத்துவர்.

வாரம் ஒன்று வீதம் பாலில் கலந்து குடிக்க எட்டுப் பொட்டலம் பொடி எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கியவள் நான். தேர்வு நாள், தேனிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், "தினம் ஒண்ணு குடிம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

ஐந்தாம் நாள் இரவு அம்மா கேட்டார்: "மூணு பாக்கெட்டுதான் மிச்சம் இருக்கு தாயி. இன்னும் வாங்கணுமா?"

சீட்டை எடுத்துப் பார்த்தேன். கை நடுங்கிற்று. பொட்டலத்தின்மேல் 60,000 சர்வதேச அலகு என்று அச்சிட்டிருந்தது. வேதியியல் படிப்பவள், அலகைப் படிக்காமல் விட்டிருந்தேன்!

அன்றிரவு கணக்குப் போட்டேன். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 600 அலகு, அதாவது 15 மைக்ரோகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு. அமெரிக்க வல்லுநர் குழு 2010-இல் சொன்னதும் அதுவே. எழுபது வயதைக் கடந்தவர்க்கு மட்டும் 800. மருத்துவர் சொல்லாமல் நாள்தோறும் 4,000-ஐத் தாண்டலாகாது. அப்படியானால் ஒரு பொட்டலம் நூறு நாள் தேவை. குறை தீரும்வரை வாரம் ஒன்று என்பது மருத்துவரின் கணக்கு. நானோ ஐந்தே நாளில் ஐந்நூறு நாள் தேவையைப் புகட்டியிருந்தேன்.

வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் கழிந்துவிடும். டி கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கும். அது மிதமிஞ்சிச் சேர்ந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். வாந்தி, தாகம், சிறுநீரகக் கல் என்று தொல்லைகள் தொடரும். வெயிலால் இந்த ஆபத்து இல்லை. தோலில் தேவைக்குமேல் உண்டாவதை அதே ஒளி சிதைத்துவிடுகிறது. இயற்கைக்கு அளவு தெரியும், அவசரக்காரிக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் மருத்துவரிடம் ஓடினோம். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, கெடுதல் ஏதுமில்லை, மிச்சப் பொட்டலங்களைத் தொட வேண்டாம் என்றார். திரும்பும் வழியில் நான் அழுதேன். அம்மா, "படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு குடிச்சேன். அதுக்கு ஏன் அழுகுற?" என்றார். மருத்துவரின் கோபம் கூட அப்படிச் சுட்டிருக்காது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவர்தான். நாம் சொல்வதை அங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. ஆகவே அலகையும், தினமா வாரமா என்பதையும் இருமுறை படியுங்கள்.

இப்போது வேலையில்லாத ஞாயிறன்று, நடுப்பகலில் சற்று நேரம், முற்றத்தில் மிளகாய் வற்றலோடு அம்மாவும் வெயில் காய்கிறார். அதற்கு மட்டும் சீட்டு வேண்டியதில்லை.