கணக்கு

வறுமையும் பணக் கவலையும் ஒன்றல்ல. வறுமை ஒரு ஸ்திதி. அதற்குள் பிறந்து அதற்குள்ளேயே ஒருவன் இறந்துபோகலாம். அதைப் பாடப் புறநானூற்றுப் புலவர்கள் முதற்கொண்டு நமக்கு ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வள்ளுவருக்கு நல்குரவு என்று ஓர் அதிகாரமே வேண்டியிருந்தது. பணக் கவலை வேறு ரகம். அதற்கு ஒரு தொகையும் ஒரு தேதியும் வேண்டும். அன்றாடச் சோற்றுக்கு இருக்கிறவனுக்கும் அது வரும். சொல்லப்போனால் அவனுக்குத்தான் அதிகம் வருகிறது. இந்த இரண்டில் தொகையைவிடத் தேதிதான் ஆளை அரிப்பது என்பது, பதினோரு வருஷமாக வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து பிறருடைய தேதிகளையும் என்னுடைய தேதியையும் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குப் பட்ட விஷயம். ஆகவே பணக் கவலை காலத்தால் ஆனது என்று வைத்துக்கொள்கிறேன். சங்கீதமும் காலத்தால்தான் ஆகியிருக்கிறது. இந்த ஒற்றுமைக்கு ஏதாவது பொருள் உண்டா என்று பார்ப்பதே இக்குறிப்பின் நோக்கம்.

கர்நாடக சங்கீதத்தில் பணம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை மறுப்புகள். தியாகராஜரின் 'நிதி சால சுகமா' செல்வம் சுகமா, ராமனின் சந்நிதி சுகமா என்று கேட்கிறது. சரபோஜி மன்னரின் அழைப்பை அவர் மறுத்த சந்தர்ப்பம் என்று ஒரு கதையையும் அதனுடன் சேர்த்துச் சொல்வது வழக்கம். தீக்ஷிதரின் லலிதா ராகக் கிருதி 'ஹிரண்மயீம்' பொன்மயமான லக்ஷ்மியிடமே போகிறது. ஆனால் ஹீன மனிதர்களை அண்டியிருப்பதை விட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது. ஒருவர் பணத்தை மறுக்கிறார். மற்றவர் மனிதரிடம் கேட்பதை மறுக்கிறார்.

இவற்றின் உயர்வைப் பற்றி எனக்குத் தர்க்கம் இல்லை. சபாவில் இவை என்ன ஆகின்றன என்பதில்தான் சங்கடம். தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்தவர். வீதியில் பாடிப் போய், செம்பில் விழுந்த அரிசியைக் கொண்டு வாழ்ந்தவர். அவருடைய கேள்வி அந்தச் செம்பிலிருந்து வருகிறது. விடை வேறு மாதிரியாகவும் போயிருக்கலாம் என்ற அபாயம் அதில் இருக்கிறது. சீசன் டிக்கெட்டுடன் உட்கார்ந்திருக்கும் ரசிகனிடம் வந்து சேரும்போது அது கேள்வியாகவே இருப்பதில்லை. தான் பணத்தாசை இல்லாதவன் என்று அவனுக்கு அவனே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றாகிவிடுகிறது. மறுப்பதற்கு எதுவும் வந்து சேராதவனுக்கு, ஐந்தாம் தேதிக்குள் கட்டவேண்டியதை எங்கே புரட்டுவது என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, இந்தப் பாட்டில் இடம் எங்கே?

பணம் போன கதையைப் பணம் போன கதையாகவே பாடும் சங்கீதம் அமெரிக்கக் கறுப்பர்களிடம் இருக்கிறது. 'நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டௌன் அண்ட் அவுட்' ஜிம்மி காக்ஸ் 1923இல் எழுதியது. பெஸ்ஸி ஸ்மித் அதை 1929 மே மாதம் பதிவு செய்தார். இசைத்தட்டு செப்டம்பரில் வந்தது. அக்டோபர் கடைசியில் பங்குச் சந்தை சரிந்தது. ஆகவே அதைப் பெருமந்தத்தின் பாட்டாகக் கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் தேதிகள் முந்திக்கொள்கின்றன. பாட்டைப் பாடியவர்களுக்குச் சரிவு ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமையில் ஆரம்பிக்கவில்லை.

கையில் இருந்தபோது வாரி இறைத்தவனை, இல்லாதபோது ஒருவரும் அறிவதில்லை. விஷயம் இவ்வளவுதான், நம் தனிப்பாடல் புலவர் எவருக்கும் ஒரு வெண்பாவில் அடங்கிவிடக்கூடியது. ஆனால் பதிவின் பின்பகுதிக்கு வரும்போது பெஸ்ஸி ஸ்மித் சில இடங்களில் வார்த்தைகளை விட்டுவிட்டு வெறுமே முனகுகிறார். வார்த்தைகளுக்கு உரிய இடம், அவற்றின் நீளம், அப்படியே இருக்கிறது; வார்த்தைகள் மட்டும் இல்லை. யார் கைவிட்டார்கள், எவ்வளவு போயிற்று என்ற விவரமெல்லாம் உதிர்ந்த பின்னும் கவலை எடுத்துக்கொள்ளும் நேரம் உதிர்வதில்லை என்பதை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் விமர்சகனுக்கு ஓர் அவசரம் வந்துவிடுகிறது. முனகலிலிருந்து கடன் தொகையைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறான். மொஸார்ட்டுக்கு இது நேர்ந்திருக்கிறது. 1788 ஜூனில் அவர் வியன்னாவில் புக்பெர்க் என்ற ஜவுளி வியாபாரிக்குக் கடிதம் எழுதி, தகுந்த வட்டிக்கு ஓரிரு வருஷங்களுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கில்டர் கேட்டார். ஜூன் 17, இருநூறு அனுப்பியது என்று புக்பெர்க் அந்தக் கடிதத்திலேயே குறித்துவைத்தார். கெஞ்சும் கடிதத்தின் மேலேயே பற்று எழுதிய அந்த மனிதரிடம் எனக்குத் தொழில்முறையில் ஓர் அபிமானம் உண்டு. மொஸார்ட்டும் 1784 முதல் தன் படைப்புகளுக்கு ஒரு பேரேடு வைத்திருந்தார். அதில் ஜூன் 26ஆம் தேதி இ ஃப்ளாட் மேஜர் ஸிம்பனி. ஜூலை 25, ஜி மைனர். ஆகஸ்ட் 10, பிற்பாடு ஜூபிடர் என்று பெயர் பெற்ற ஸி மேஜர். நடுவில் இருப்பதை மட்டும் உருவி எடுத்து, இதோ கடன்பட்டவனின் நெஞ்சம் என்று காட்டுவது சுலபம். முன்னதும் பின்னதும் அதே கடனில்தான் எழுதப்பட்டன. ஜூபிடரின் கடைசிப் பகுதியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்து ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொருந்துவதைக் கேட்டவர்கள், பணக் கவலை சோக ராகத்தில்தான் வெளிப்படும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டியிருக்கும்.

என் அனுபவமும் இந்தப் பக்கமே சாய்கிறது. அப்பாவின் இருதய அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய கடனை நான் நான்கு வருஷமாக அடைத்துவருகிறேன். மாதத்தின் இருபதாம் தேதிக்கு மேல் என்னால் ஆலாபனை கேட்க முடிவதில்லை. எனக்கு மிகவும் உவப்பானது அதுதான்; ஆனால் தாளம் இல்லாத அந்த விஸ்தாரத்தில் என் தொகை உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. பாடகர் தைவதத்தில் நிற்கும்போது நான் பால்காரரிடம் நிற்கிறேன். கிருதி ஆரம்பித்துக் கை தொடையில் விழுந்ததும் அது வெளியே போய்விடுகிறது. சோகமான பாட்டா, குதூகலமான பாட்டா என்பது இதில் பொருட்டே இல்லை.

நான் வேலை பார்ப்பது கும்பகோணத்துப் பக்கம். நாதஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் எங்கள் நகைக் கடன் பகுதிக்குப் பழைய வாடிக்கை. ஆடியில் முகூர்த்தம் இல்லை. சங்கிலி உள்ளே வரும். ஆவணியில் போகும். மார்கழியில் மறுபடி வரும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து சித்திரை, வைகாசி முகூர்த்தங்களையும் திருவிழாக்களையும் அடித்துக்கொண்டுபோயிற்று. அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் என்றிருந்ததை 2021 மார்ச் வரைக்கும் 90 ஆக்கியது. ஏற்கெனவே வைத்த சங்கிலியின் மேல் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று வந்தவர்களில் வயதான ஒரு தவில்காரர் இருந்தார். மதிப்பீட்டாளர் நகையை உரைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய விரல்கள் கவுண்ட்டர் பலகையில் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்கய்யா, கோர்வையா?" என்றேன்.

"இல்லைங்க சார், வட்டி போட்டுப் பாக்குறேன்," என்றார் முகக் கவசத்துக்குள்ளிருந்து. கொஞ்சம் பொறுத்து, "கணக்குன்னா கை தானா போயிடுது. அந்தக் கணக்கு எப்படிப் போனாலும் சமத்துல வந்து விழுந்துடும். இது விழமாட்டேங்குது," என்றார்.

லய வித்வான் கோர்வை கட்டுவதற்கும் நான் மாலையில் ரொக்கத்தைச் சரிபார்ப்பதற்கும் கணக்கு என்ற ஒரே சொல்லைத்தான் நாம் வைத்திருக்கிறோம். கவலைப்படுகிறவன் சும்மா இருப்பதில்லை. ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறான், எண்ணிக்கை முடிவதில்லை. தாளமும் எண்ணிக்கைதான், ஆனால் அதற்கு ஒரு முடிகிற இடம் விதிக்கப்பட்டிருக்கிறது. எண்ணும் பழக்கத்திலிருந்து விடுபட முடியாத உடம்பைச் சிறிது நேரம் முடிகிற எண்ணிக்கையில் வேலை வாங்குவதைத் தவிர, சங்கீதம் கடன்பட்டவனுக்கு வேறு எதுவும் செய்வதாக நான் நினைக்கவில்லை. ஆறுதல் என்ற சொல் இதற்குப் பெரியது. தொகை குறைவதில்லை. தேதி தள்ளிப்போவதுமில்லை.

'நிதி சால சுகமா' மிச்ர சாபு. ஒரு சுற்றுக்கு ஏழு. தியாகராஜரின் கேள்விக்கு என்னிடம் அவருடைய விடை இல்லை. மாதக் கடைசியில் ஆம், சுகம்தான் என்று சொல்லிவிடுவேன் என்றே தோன்றுகிறது. இருந்தும் நேற்றிரவு அதை இரண்டு முறை போட்டுக் கேட்டேன். ஏழும் ஒவ்வொரு தடவையும் சரியாக வந்து முடிந்தது.