பாரம் எழுதும் சார்

எங்கள் கும்பகோணத்தில் "ஹெட்மாஸ்டர் வீடு எது?" என்று கேட்டால், எந்தப் பள்ளி, எந்த வருஷத்து ஹெட்மாஸ்டர் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். திருநெல்வேலி மேலப்பாளையத்தில் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களிடம் பள்ளியின் பெயரைச் சொன்னேன். ஓய்வுபெற்றவர், போன மாதம் மௌத்தானவர் என்றேன். அவர்களுக்குப் பிடிபடவில்லை. சுளவை மடியில் வைத்திருந்த ஒரு பெரியம்மாதான் சட்டென்று நிமிர்ந்தார். "பாரம் எழுதிக் குடுப்பாவளே, அந்த சாரா? அப்படிக் கேக்க வேண்டியதுதானே."

அந்த சார் என் அலுவலக நண்பரின் வாப்பா. நினைவு மலர் போடுகிறார்கள், ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று நண்பர் கேட்டிருந்தார். சார் சென்னைக்கு வந்தபோது அவரைச் சந்தித்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அவ்வளவுதான் நினைவில் இருந்தது. கண்டிப்பும் கருணையும் கலந்த நல்லாசிரியர் என்று ரயிலிலேயே முதல் பத்தியை எழுதிவிட்டேன். ஊரைப் பற்றியும் ஒரு பத்தி மனதில் இருந்தது, அது முழுக்கச் செய்தித்தாள் தந்தது: சோதனை, கைது, போலீஸ் அணிவகுப்பு. சந்துகள் இறுகிக் கிடக்கும், அந்நிய ஆணிடம் பெண்கள் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டினேன். திண்ணையில் இருந்தவர்களோ என் ஊர், சாதி, சம்பளம் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் வழி சொன்னார்கள்.

அதற்குள் பீடிக் கணக்கும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஒருகாலத்தில் தறிச் சத்தம் கேட்ட தெருக்கள் இவை. தறி ஓய்ந்த வீடுகளில் பீடி உட்கார்ந்துகொண்டது. ஏஜெண்ட் இலையும் தூளும் தருவார். சுற்றி, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று அவர் கழித்துப்போடும் பீடிக்குக் காசு கிடையாது. வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்ட சட்டம் 1966-ல் வந்தது. நல நிதிச் சட்டம் 1976-ல். இந்த நிதியில் தொடங்கியதுதான் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான படிப்பு உதவித்தொகை. ஆனால் சட்டம் பாரமாக வரும், பாரத்தில் கட்டங்கள் இருக்கும். பீடித் தொழிலாளர் அட்டையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு பெயர் என்று இருந்தால் பணம் வராது. சார் மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்த மூன்று பெயர்களையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தார். பணியில் இருந்தபோதும், ஓய்வுபெற்ற பிறகும்.

"எம் மவள காலேஜுல சேக்கச் சொல்லி மூணு தடவ வீட்டுக்கு வந்தாவ," என்றார் பெரியம்மா. "எங்க வீட்டு ஆளு மொகங்குடுத்துப் பேசல. மூணாவது தடவ சாரே பாரத்தப் பூர்த்தி பண்ணிக் கையில கொண்டுவந்துட்டாவ. இப்ப அவ டீச்சர்." மலருக்கு வேறென்ன வேண்டும்? துள்ளிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் நெய்ச்சோறு, தாளிச்சா, கறி ஆணம். துக்க வீட்டில் இவ்வளவு எதற்கு என்று கூச்சப்பட்டேன். "வாப்பா இருந்தா இதுக்கு மேல செய்யச் சொல்லுவாவ," என்று நண்பரின் ராத்தா, மூத்த அக்கா, கரண்டியைத் தூக்கினார். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சில் சுருக்கமானவர். உம்மா உள்ளறையில் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் இருக்கும் அந்தத் தனிமையைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்ததில் இல்லாத ஒன்று, கதவு சாத்தியிருந்தாலும் உள்ளிருந்து எல்லாம் கேட்கும் என்பது. "அவுஹளுக்கு இன்னொரு கரண்டி போடு" என்று இரண்டு தடவை குரல் வந்தது.

நான் பெருமையோடு பெரியம்மாவின் மகள் கதையைச் சொன்னேன். நண்பர் தலையாட்டினார். ராத்தா மட்டும் சட்டியை இறக்கி வைத்தார்.

"அந்தப் பிள்ளையும் நானும் ஒரே வகுப்பு. 1988. அவளவிட எனக்கு நாப்பது மார்க் கூட. கணக்கு எடுத்துப் படிக்கணும்னு இருந்தேன். அவ வீட்டுக்குப் பாரம் கொண்டுபோன அதே மாசம், எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாவ."

"ராத்தா, இப்ப எதுக்கு?" என்றார் நண்பர்.

"நீ பேசாதல. நீ பொறந்ததாலதான்."

பிரசவத்துக்குப் பிறகு உம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். கைக்குழந்தையையும் நடுவில் இருந்த இரண்டு பேரையும் பார்க்க ஆள் வேண்டும். பிளஸ் டூ முடித்த மூத்தவள் வீட்டோடு நின்றாள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளைதான் இன்று மலர் போடுகிற என் நண்பர். அவருக்கும் இதெல்லாம் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு முந்தின நாள்தான் பெருமாள்புரத்தில் சாரா டக்கர் கல்லூரியின் வாசலில் நின்று பெயர்ப் பலகையைப் பார்த்திருந்தேன். இந்தியாவுக்கு ஒருதரம்கூட வராத ஓர் ஆங்கிலப் பெண்ணின் பெயரில் 1895-லிருந்து நடக்கும் பெண்கள் கல்லூரி. எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தவள் இந்த ஊர்ப் பெண்கள் படிக்க வேண்டும் என்று நினைத்தாளே என்று வியந்துவிட்டு வந்தவன் நான். ராத்தா போக நினைத்த கல்லூரி அதுதானாம். இந்த வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஊர்ப் பிள்ளைகளுக்காகப் படியேறியவர் மீது அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கோபம்தான். ரயிலில் எழுதிய பத்தியை மனதுக்குள் கிழித்துப் போட்டேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. "நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன். அவஹ மேல சொல்லாத."

"தெரியும்மா," என்றார் ராத்தா, கதவைப் பார்க்காமலே. "நீ கேட்ட. அவஹ மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டு வாப்பாட்ட மூணு தடவ பேசத் தெரிஞ்சவஹளுக்கு ஒங்கிட்ட ஒரு தடவ பேசத் தெரியலியா?"

பதில் வரவில்லை. என் கோபமும் அதற்குமேல் நிற்கவில்லை. அந்த வருஷம் அந்த மனிதர் வீட்டில் படுக்கையில் கிடந்த மனைவி, கைக்குழந்தை, பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் செய்ததைத்தான் செய்திருப்பேன், பெரியம்மா வீட்டுக்கு மட்டும் போயிருக்க மாட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது வாசலில் ஓர் இளம்பெண், கையில் உதவித்தொகைப் பாரம். ராத்தா வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, "புள்ள பேருல ஒரு எழுத்து தப்பு. ஸ்கூலுல போயி திருத்திட்டு வா" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் முனகியது. "சாரா இருந்தாலும் இதத்தான் சொல்லுவாவ, போ," என்றார் ராத்தா.

பக்கத்தை எழுதி அனுப்பினேன். 1988-ம் அதில் இருந்தது. பாரமும், கணக்குப் படிப்பும், உம்மாவின் குரலும். சில நாள் கழித்து நண்பர் போனில் வந்தார். மலரில் இடம் போதவில்லையாம், நாலாவது பத்தியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"ராத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க," என்றேன்.

"ராத்தாகிட்ட கேட்டா அந்தப் பத்தி மட்டும்தான் மலருல இருக்கும்," என்றார்.