மிதக்கும் தண்ணீர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் இரண்டு நாள் பயிற்சி முகாம். அது முடிந்த மறுநாள், தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று கிளம்பினோம். ஜனவரி மாதம். நாங்கள் ஒன்பது பேர், பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். இருவர் அதுவரை கடலையே பார்த்ததில்லை.

ராமேஸ்வரத்தில் முதலில் 'மிதக்கும் கல்'லைப் பார்த்தோம். தொட்டித் தண்ணீரில் கல் மிதக்கிறது, ராமர் பாலத்துக் கல் என்கிறார்கள். உள்ளே காற்றறைகள் போதுமான அளவு இருந்தால் கல்லும் மிதக்கும் என்று இயற்பியல் படிக்கும் தங்கை விளக்கினார். சிரித்துக்கொண்டே பேருந்து ஏறினோம். அன்று நாங்கள் பார்க்க வேண்டிய அதிசயம் அதுவல்ல என்று அப்போது தெரியாது.

அரிச்சல்முனைச் சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண்கடல் என்றும் கொந்தளிப்பதை ஆண்கடல் என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். "காற்று திரும்பினா பெண்கடலும் அடிக்கும்" என்று ஒருவர் சொல்ல, எங்கள் தோழியர் கைதட்டினார்கள்.

வழியில் இறங்கி நடந்தோம். ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக்கி, சேற்றுநீரை வடிகட்டித் தின்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு பிறப்பில் வந்ததல்ல, உணவில் வந்தது. குஞ்சுகள் சாம்பல் நிறம். "பிறப்புல ஒண்ணுமில்லைன்னு பறவையே சொல்லுது" என்றான் எங்களில் இளையவன். கரையில் கணவாய் ஓடுகள் வெள்ளை வெள்ளையாய் ஒதுங்கிக் கிடந்தன. சங்கு கிடைக்காத ஒரு துறவி நண்டு பாட்டில் மூடியைச் சுமந்துகொண்டு போனது. அதை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

மணல்மேடுகளில் ஊசிபோன்ற இலைகளுடன் ஒரு புல் படர்ந்திருந்தது. அதன் முள்பந்துகள் காற்றில் உருண்டோடின. பெயர் கேட்டோம். 'ராவணன் மீசை' என்றார்கள். மணலை வேரால் இறுக்கிப் பிடித்து மேடு கலையாமல் காப்பது இந்தப் புல். ராமன் பெயரில் இருக்கும் தீவை ராவணன் மீசை பிடித்து வைத்திருக்கிறது! அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

உச்சிவெயிலில் எங்களிடம் தண்ணீர் தீர்ந்தது. சற்றுத் தள்ளி ஓலைக் குடிசைகள். ஒரு அம்மா குடத்துடன் மணலில் குந்தியிருந்தார். அவர் முன்னால் முழங்கால் ஆழத்தில் ஒரு குழி. அதில் தெளிந்த தண்ணீர். கூப்பிடு தூரத்தில் கடல். உப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

இளையவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான்: "குடிக்கலாமாம்மா?"

தண்ணீர் நல்லதா என்று கேட்கிறான் என்று அந்த அம்மா நினைத்தார். "நல்ல தண்ணிதான்யா, இனிக்கும்" என்றார். அவன் நகரவில்லை. அவன் கேட்டது அதுவல்ல என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அவன் ஊரில் இன்றும் ஊர்த்தெருக் குழாயில் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அள்ளிக் குடிப்பா. ஊத்துக்கு யாருகிட்ட கேக்கணும்?" என்றார்.

இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். இனித்தது.

பிறகுதான் விளக்கம். மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. அது கடல்நீரைவிட லேசானது என்பதால் அடியிலுள்ள உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அந்த அம்மாவுக்கு இந்தக் கணக்கு வேறு மொழியில் தெரியும்: "ஆழமாத் தோண்டாத, கரிச்சிரும்." புல் மணலைப் பிடிக்கிறது, மணல் மழையைப் பிடிக்கிறது. தொட்டியில் மிதக்கும் கல்லைப் பார்க்க வந்தவர்கள், காலடியில் மிதக்கும் தண்ணீரைக் கவனிக்காமல் நடந்துகொண்டிருந்தோம்.

கடற்கரையில் சாதி இல்லை என்று எழுதிவிட்டுப் போக எங்களுக்கு ஆசையில்லை. ஒரு மதிய நேரத்தில் ஒரு கரையை எடைபோட முடியாது. ஆனால் அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாத் குளத்தில் அள்ளிய கைப்பிடித் தண்ணீரைப் பற்றி முகாமில் இரண்டு மணிநேரம் பேசியிருந்தோம். அந்தப் பேச்சில் வாய் திறக்காத பையன், இங்கே ஒரு குழியின் முன்னால் அனுமதி கேட்டு நின்றான். எங்கள் வகுப்பில் என்ன குறை என்று அங்கேதான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. 1964 டிசம்பர் புயல் ரயிலையே கடலுக்குள் இழுத்துக்கொண்ட பிறகு, தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மீனவர்கள் அங்கேதான் வாழ்கிறார்கள். 2025-இல் பூநாரைகளுக்காக இங்கே சுமார் 525 ஹெக்டேர் சரணாலயமானது. மகிழ்ச்சி. பறவையின் இருப்பிடம் அரசின் எழுத்தில் ஏறிவிட்டது. தலைமுறைகளாக ஊற்று தோண்டும் கைகளின் இருப்பிடமும் அதே எழுத்தில் ஏற வேண்டும். அந்தக் கைகளை விலக்கிவிட்டு விடுதிக்காரரின் மோட்டார் வந்தால், உப்பு எல்லோருக்கும்தான்.

தோழர்களே, களத்துக்குப் போனால் பேசுவதற்கு முன் குனிந்து பாருங்கள். புல்லின் பெயரைக் கேளுங்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். யார் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா ஊற்றை ஓலையால் மூடினார். இளையவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த முகாமில் தண்ணீர் பற்றிய வகுப்பை அவன்தான் எடுக்கப் போகிறான்.