தாம்பரத்தில் ஒரு சீப்பு

மாலை ஆறரை மணிக்கு எலெக்ட்ரிக் டிரெயினிலிருந்து தாம்பரத்தில் இறங்குகிற கூட்டத்தை ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். யார் முகத்திலும் ஆபீஸ் இருக்காது. வீடும் இருக்காது. பசி மட்டும்தான் இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட தயிர்சாதம் மாம்பலத்திலேயே காலி. கிண்டியில் வயிறு நோட்டீஸ் கொடுக்கிறது. பல்லாவரத்தில் ஸ்ட்ரைக்!

இந்தப் பசிக்கு மேற்குத் தாம்பரம் இரண்டு பதில் வைத்திருக்கிறது. முதல் பதில் எண்ணெய்ச் சட்டி. பஜ்ஜி, போண்டா, சமோசா... வாசனையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது பதில் சத்தம் போடாது. கயிற்றில் தொங்கும், அல்லது தள்ளுவண்டியில் படுத்திருக்கும். வாழைப்பழம்.

நான் இரண்டாவது கட்சி. ஆரோக்கியம் பேசுகிறவர்கள் செமத்தியாகப் போரடிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் பேசிக்கொண்டே நடக்கலாம். ஜி.எஸ்.டி. ரோடைத் தாண்டி சண்முகம் சாலைக்கு வாருங்கள்.

சண்முகம் சாலையில் நடப்பது தனிக் கலை. முன்னால் போகிற அம்மா கொத்தமல்லிக்குப் பேரம் பேச நின்றால் பின்னால் நாற்பது பேர் நிற்க வேண்டும். காய்கறி, பூ, பாத்திரம், பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றுக்கும் நடுவே பழக்கடைகள். ஒரு கடையில் அண்ணாச்சியிடம் (தெற்கத்திக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது) கேட்டேன்.

“அண்ணாச்சி, இதுல எது உடம்புக்கு நல்லது?”

“யார் உடம்புக்கு?” என்றார்.

டாக்டர்கள்கூட இவ்வளவு சரியான கேள்வி கேட்பதில்லை.

“எனக்குத்தான்.”

“சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா?”

“ரெண்டும் இல்ல.”

“அப்ப எது வெல கம்மியோ, அத எடுங்க.”

அண்ணாச்சி அப்படிச் சொல்லிவிட்டாலும், அங்கே தொங்குவதையெல்லாம் பொத்தாம்பொதுவாக ‘வாழைப்பழம்’ என்று சொல்லிவிட்டுப் போவது பாவம். லேசான புளிப்போடு பூவன் இருக்கிறது; தினப்படிக்கு அதுதான். ரஸ்தாளிக்கு மணம் ஜாஸ்தி, ஆயுள் கம்மி. வீட்டுக்குப் போவதற்குள் பாதி பழம் காம்பிலிருந்து கழன்று பைக்குள் விழுந்திருக்கும். கற்பூரவள்ளி சர்க்கரைக் கட்டி. ஏலக்கி விரல் அளவுதான், ஆனால் ஒன்றோடு நிறுத்தினவனை நான் பார்த்ததில்லை. சிறுமலை, விருப்பாட்சி மலைப்பழங்களுக்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல். செவ்வாழை கொஞ்சம் பந்தா பேர்வழி. நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டால் வாரிசு நிச்சயம் என்று அதை வாங்கிப் போகும் புது மாப்பிள்ளைகள் உண்டு. அதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது ஸார். மஞ்சள் பழத்தைவிட அதில் கரோட்டின் கொஞ்சம் அதிகம். அது கண்ணுக்கு நல்லது. அவ்வளவுதான் உத்தரவாதம்.

அப்புறம் நீளமான அந்தப் பச்சைப்பழம், மோரிஸ். அதன் கதை சுவாரஸ்யம். ஐரோப்பா, அமெரிக்காக் கடைகளில் ஒரு காலத்தில் க்ரோ மிஷேல் என்ற இனம்தான் ராஜா. பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாக அழித்ததில் 1960-களுக்குள் அதன் ஆட்சி கவிழ்ந்தது. காலியான நாற்காலியில் உட்கார்ந்தது கேவண்டிஷ். 1830-களில் இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற பிரபு குடும்பத்தின் கண்ணாடித் தோட்டத்தில் வளர்ந்ததால் அந்தப் பெயர். ஆனால் மூலக் கன்று அங்கே போனது மொரீஷியஸிலிருந்து! பிரபுவை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு ‘மோரிஸ்’ ஆக்கியவர்கள் நம் ஆட்கள். மேல்நாட்டுக்காரனுக்குக் கடையில் பெரும்பாலும் இந்த ஒரே ஜாதிதான். நமக்கோ ஒரு தள்ளுவண்டியிலேயே நாலு ஜாதி.

சரி, உடம்புக்கு என்ன லாபம்? பி.காம். படித்தவனுக்கு எதையும் டெபிட், கிரெடிட் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். நூறு கிராம் பழத்தில் சுமார் 90 கலோரி. மாவுச்சத்து, சர்க்கரை எல்லாம் சேர்த்து 23 கிராம். நார்ச்சத்து இரண்டரை கிராம். கொழுப்பு அநேகமாக பூஜ்யம். பி6 வைட்டமின் தாராளம். பொட்டாசியம் சுமார் 350 மில்லிகிராம்.

இந்தக் கடைசி அயிட்டம்தான் நம்மைப் போன்ற நாற்காலி ஆசாமிகளுக்கு முக்கியம். உப்பில் இருக்கும் சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியம் அந்தச் சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு ஒத்தாசை செய்யும். ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், பொட்டாசியம் குறைந்தது 3510 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாழைப்பழத்திலேயே அதை நேர் செய்யப் பார்த்தால் தினம் ஒரு கிலோ தின்ன வேண்டும். வேண்டாம்! கீரை, பருப்பு, இளநீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பழத்தின் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆறரை மணிக்கு இரண்டு பழம் உள்ளே போய்விட்டால் உப்பும் எண்ணெயுமான அந்த பஜ்ஜி பிளேட்டுக்கு இடம் இருக்காது. வந்தது பாதி லாபம் என்றால் வராதது மீதி லாபம்.

என்னோடு கிழக்குத் தாம்பரத்தில் ரூமில் இருந்த நண்பருக்கு முப்பத்தைந்து வயசு. ஒல்லி. சிகரெட் கிடையாது. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் 150/100 என்று எழுதிக் கொடுத்தார்கள். தலைவலி, மயக்கம் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் மட்டும்தான். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயசில் ஸ்ட்ரோக்கில் போனவர். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, ஊறுகாய், சிப்ஸ், சாயங்கால பஜ்ஜி மூன்றையும் நிறுத்தச் சொன்னார். பஜ்ஜி இடத்துக்கு பூவன் வந்தது. இப்போது 130-க்குக் கீழே. பழம் மாத்திரையை ஜெயித்த கதை இல்லை இது. மாத்திரை தினமும் தொடர்கிறது. ஆனால் அவர் மாத்திரையைவிடப் பழத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். மாத்திரைக்கு ருசி கிடையாதே!

இங்கே ஒரு சிவப்பு விளக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதே பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக் கூடியவை. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் சீப்பில் கை வைக்கக் கூடாது. சுகர்காரர்கள் விஷயம் வேறு. பழம் கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. கறுத்துக் குழைந்ததைவிட இப்போதுதான் மஞ்சளான சின்னப் பழம் தேவலை. கல்யாணச் சாப்பாடு, பாயசம் எல்லாம் முடித்து இலையில் கடைசியாக வைக்கிறார்களே ஒரு பழம், அதுதான் அவர்களுக்கு வில்லன். பழம் தப்பில்லை, வந்த நேரம் தப்பு.

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய் வரலாம். பெயரே சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த இடம். அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் நடத்திய சானடோரியத்தில்தான் 1917-ல் கணித மேதை ராமானுஜன் சிகிச்சைக்குப் போனார். தாம்பரத்து சானடோரியம் இப்போது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பார்க்க வருகிறவர்கள் கையில் பிரெட் பாக்கெட், ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னாலேயே ஒரு பெரியம்மா: “இருமறவனுக்கு வாழப்பழம் குடுக்காதடா, சளி கட்டும்!”

சளி பிடிக்க வைப்பது வைரஸ். காசநோய்க்குக் காரணம் பாக்டீரியா. இரண்டும் பழத்தோலுக்குள் குடியிருப்பவை அல்ல. சாப்பிட்டால் தொண்டை கரகரக்கிறது என்பவர்கள் விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் நோயாளி பட்டினி கிடக்கக் கூடாது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீடுகளுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் என்று மாதாமாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 சதவிகிதம் குறைந்திருந்தது! நோயாளிகளின் சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு 2018-ல் மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000. ஜார்க்கண்ட் பொட்டலத்தில் வாழைப்பழம் இல்லை என்பது உண்மை. அந்தப் பெரியம்மா கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்த சீப்பைப் பார்த்தபோது எனக்கு ஜார்க்கண்ட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எதிர்த் திசையில் போனால் வண்டலூர். 1985-ல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. மிருகங்களுக்கு எதையும் போடக் கூடாது என்பது விதி. ‘குரங்குக்கு ஒரு வாழைப்பழம் போட்டா என்ன தப்பு?’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் பெய்ன்டன் மிருகக்காட்சிசாலையில் 2014-ல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்திவிட்டார்கள். மனிதன் பயிரிட்ட பழத்தில் காட்டுப் பழத்தைவிட சர்க்கரை ஜாஸ்தி, பல் கெடும், சுகர் வரும் என்று காரணம் சொல்லி, காய்கறிக்கு மாற்றினார்கள். நாள் பூரா கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற குரங்குக்கே ஆகவில்லை என்றால், நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற நாம் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். இரண்டு பழம் சரி. நாலு பழம், அரை லிட்டர் பால், மூன்று ஸ்பூன் சர்க்கரை, மேலே ஐஸ்க்ரீம் என்று மில்க் ஷேக் அடித்துவிட்டு ‘ஹெல்த்தி’ என்று சொல்லிக்கொள்வது டூ மச்.

எல்லோரும் கேட்கிற இன்னொரு கேள்வி: கல் வைத்துப் பழுக்க வைத்ததா? ‘கல்’ என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்படமும் வரலாம். அதனால்தான் சட்டப்படி தடை. எத்திலின் வாயு வேறு. பழம் தானே கனியும்போது அதுவே விடுகிற வாயு அது. 100 பிபிஎம் வரை அதைப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதித்தது. வெறுமனே பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். நான் செய்வது சுலபமான காரியம். முக்கால் பழமாக வாங்கி வந்து, பேப்பரில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுவேன். இரண்டு நாளில் மணக்கும். ஃப்ரிட்ஜ் மட்டும் கூடாது. வாழை உஷ்ண தேசத்துப் பிறவி. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்து, கனிவதே நின்றுபோகும்.

தோல் என்றதும்... ஜப்பானில் கியோஷி மபுச்சி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் வாழைப்பழத் தோலை மிதித்து மிதித்து உராய்வை அளந்தார்கள். 0.07 என்று வந்தது. நன்றாக எண்ணெய் போட்ட பரப்புக்கு நிகர்! 2014-ல் இதற்கு ‘இக் நோபல்’ என்ற வேடிக்கைப் பரிசும் கொடுத்தார்கள். பாவம், தாம்பரம் ஸ்டேஷன் மாடிப்படிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு வந்திருந்தால் ஆராய்ச்சி ஐந்தே நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

விலை? 1989-ல் கரகாட்டக்காரனில் கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து செந்திலை இரண்டு பழம் வாங்கிவர அனுப்பினார். அந்த விலைக்கு இன்று தோல்கூடக் கிடைக்காது. ஆனாலும் ராத்திரி ஒன்பதுக்கு மேல் சண்முகம் சாலைக்குப் போய்ப் பாருங்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடும் நேரம். தோலில் கரும்புள்ளி விழுந்த சீப்புகள் பாதி விலைக்கு இறங்கும். உள்ளே பழம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், ருசியும் அப்போதுதான் உச்சம். காலையில் டிபனுக்கு நேரமில்லாமல் 7.20 வண்டியைப் பிடிக்கிற பேச்சிலர்களுக்காகவே வைத்த மாதிரி. போன வாரம் அப்படி ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு, “நாளைக்குத் தாங்குமா அண்ணாச்சி?” என்றேன்.

“பழம் தாங்கும்,” என்றார் சாக்கை மடித்துக்கொண்டே. “ரூம்ல எத்தன பேர் இருக்கீய?”