நரக வாசலுக்கு அப்பால் வந்த தந்தி

மலையேற்றம் என்றதும் சிவனொளிபாத மலையையே நினைக்கும் குடும்பம் எம்முடையது. ஆகவே, வானொலிக் கருவியொன்றைச் சுமந்துகொண்டு இங்கிலாந்துக் குன்றொன்றில் ஏறப்போகிறோம் என்று நாம் அறிவித்தபோது, "அங்கை கோயில் இருக்கோ?" என்றே தந்தையார் கேட்டார். இல்லையென்றோம். "பின்னை ஏன்?" என்றார். அன்று காலை அவர் பேசியது அவ்வளவே. அம்மா மறைந்தபின் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எம்மோடு வந்து சேர்ந்த ஓராண்டில் அவர் பேசிய சொற்களை எண்ணிவிடலாம்.

சிகரங்களில் நின்று வானொலியிற் பேசும் இப்பொழுதுபோக்கு 2002ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி பிரித்தானியாவில் முறையாகத் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. கருவிகளை ஒருவர் தாமே சுமந்து ஏறவேண்டும். உச்சியிலிருந்து 25 மீற்றருக்குக் கீழே இறங்கிவிடாமல் நின்று, குறைந்தது நால்வருடன் தொடர்பு கொண்டால்தான் புள்ளி கிடைக்கும். எண்ணெயில் ஓடும் மின்பொறிக்கு இடமில்லை, பற்றறியே துணை. பரிசோ பணமோ கிடையாது. இதை எம் இல்லாளுக்கு விளக்குவதில் நாம் இன்னும் வெற்றி பெறவில்லை.

நாம் தெரிந்தெடுத்தது ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள றீக்கின் குன்று. உயரம் 407 மீற்றர்; நம் மலைநாட்டாருக்கு அது மலையே அன்று. நகரொன்றை மூழ்கடிக்க மண் சுமந்து வந்த அரக்கனைச் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியொருவன் தந்திரத்தால் ஏமாற்ற, அவன் சலித்துக் கொட்டிய மண்ணே இக்குன்று என்பது அவ்வூர்க் கதை. பிள்ளைகள் அதை மும்முறை சொல்லச் சொன்னார்கள். உச்சியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கோட்டையின் அடையாளங்கள் உண்டு. அதன் வாயில்களில் ஒன்றுக்கு நரக வாசல் என்றும், மேலேயுள்ள மற்றதற்குச் சொர்க்க வாசல் என்றும் பெயர்.

"மாமா, ஆறுதலா நடவுங்கோ" என்று மனைவி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எழுபத்தெட்டு வயதினரை ஏற்றிச் செல்வது சரியா என்ற அச்சம் எமக்கும் இருந்தது. நரக வாசலில் அவர் நின்று மூச்சு வாங்கினார். "அப்பப்பா, இன்னும் கொஞ்சம்தான், அங்காலை சொர்க்கம்" என்றாள் சின்னவள். கிழவர் சிரித்தார் என்றே நினைக்கின்றோம்.

உச்சியருகே தொலைக்காட்சி ஒலிபரப்புக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. அதன் வல்லமையில் எமது கைக்கருவி இரைச்சலன்றி வேறொன்றையும் தரவில்லை. எனவே சிற்றலைக்கு மாறினோம். தூண்டிற் கம்பு போன்ற நீண்ட தடியை நாட்டி, ஏறக்குறைய 14 மீற்றர் கம்பியை இருபுறமும் சரித்துக் கட்டி, 10 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் மோர்ஸ் சாவியைத் தட்டலானோம். ஐந்து வாற் வலுதான். வீட்டு மின்குமிழுக்கே அது போதாது. தந்தையார் பாறையொன்றில் முதுகைக் காட்டியவாறு அமர்ந்து, பயற்றம் பணியாரத்தைப் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் மூவர் கிடைத்தனர். நான்காமவரின் ஒலியோ மெலிந்து, விரைந்து, காற்றில் வந்து வந்து மறைந்தது. திருப்பிச் சொல்லுமாறு மூன்று தடவை கேட்டோம். மூன்று தடவையும் பிடிபடவில்லை. ஆறு மாதப் பயிற்சிக்கு அவ்வளவுதான் பெறுமதி.

"எச். பி. ஒன்பது."

திரும்பிப் பார்த்தோம். தந்தையாரின் விரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் தந்திக் கந்தோரில் சாவி தட்டியவர் அவர் என்பதை நாம் மறந்தேவிட்டோம். மிகுதி எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மனைவி கடைச்சிட்டையின் பின்புறத்தில் எழுதினாள். "எங்கடை காலத்திலை பித்தளைக் கருவி தட்டுற சத்தம். இது விசில். காது பழக இவ்வளவு நேரம் எடுத்திட்டுது" என்றார் மன்னிப்புக் கேட்பவர் போல.

"எஸ், இரண்டு, எஸ் எண்டு அடிக்கிறான். அது என்ன சொல்?"

சிகரத்திலிருந்து சிகரத்துக்கு என்பதன் சுருக்கம் அது என்றோம். எச். பி. என்று தொடங்கும் குறி சுவிற்சர்லாந்துக்குரியது. அந்த மனிதரும் அங்கே ஏதோவொரு மலையுச்சியில் நின்றுகொண்டிருந்தார். தந்தையார் சிறிது நேரம் தென்கிழக்கே பார்த்தார். அங்கே வயலும் முகிலுமே தெரிந்தன.

"பாத்துக்கொண்டு நிக்காதை, தம்பி. உன்ரை முறை. அடி."

அடித்தோம். "கை நடுங்குது. கோட்டை இன்னும் நீட்டு" என்றார். நாற்பத்தைந்து வயதில் திட்டு வாங்குவது இவ்வளவு இனிக்கும் என்று நாம் அறிந்திருக்கவில்லை.

இறங்கும்போது அவரே முன்னால் நடந்தார். பாதிவழியிலுள்ள தேநீர்க் கடையில் பிள்ளைகளிருவருக்கும் மேசையில் விரலால் தட்டித் தத்தம் பெயர்களை அடிக்கக் கற்றுக்கொடுத்தார். தேநீர் ஆறிவிட்டது; ஒருவரும் குடிக்கவில்லை. காரில் ஏறியதும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது:

"அந்தச் சாவி என்ன விலை வரும்?"