கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர்

லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

மருத்துவர் நடக்கச் சொல்லியும், மொட்டைமாடியில் எட்டு போட்டுச் சலித்துப்போய் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆளில்லாத இடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால் யாருக்கும்தான் சலிக்கும். சனிக்கிழமைக் காலைகளில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

லண்டனின் தென்மேற்கில், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை அடுத்து புஷி பூங்கா இருக்கிறது. மான்கள் கூட்டமாக மேயும் பெரிய புல்வெளி. காலை ஒன்பது மணிக்கு ஆயிரம் பேருக்கு மேல் கூடிவிடுவார்கள். தூரம் ஐந்து கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் வரலாம். கட்டணம் கிடையாது. ஒருமுறை பெயரைப் பதிந்து பார்கோடு வாங்கிக்கொண்டால் போதும். ஒவ்வொரு வாரமும் நமக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று மின்னஞ்சல் வந்துவிடும். இதற்குப் பெயர் பார்க்ரன்.

2004 அக்டோபர் 2 அன்று இதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட் அப்போது காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார். ஓட்டக்காரத் தோழர்களை விட்டு ஒதுங்கியிருக்க மனமில்லை. அவர்களை ஓடச் சொல்லி, தான் நேரம் குறித்து, எல்லோருமாகக் காபி குடிக்கப் போவது என்று ஏற்பாடு செய்தார். முதல் வாரம் ஓடியவர்கள் 13 பேர். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. ஓட்டத்தைவிட அந்தக் காபிதான் இதை வளர்த்தது என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவர் உங்களை முந்த மாட்டார். முழங்கால் வலிக்காரரோ, அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் வெளியே வந்தவரோ, நின்று மூச்சு வாங்கினால் அவரும் நிற்பார், பேச்சுக் கொடுப்பார். ஆகவே அங்கே வருகிற யாரும் கடைசி ஆள் இல்லை. நம்மவர் பலர் பூங்காப் பக்கமே போகாததற்குக் காரணம் கால் வலியைவிட, யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம்தான். அந்தக் கூச்சத்தை இந்த ஒரு ஏற்பாடு அடியோடு எடுத்துவிடுகிறது. நடக்க மனமில்லாத வாரம் தன்னார்வலராகப் போய் ஒரு திருப்பத்தில் நின்று, வருகிறவர்களுக்குக் கைதட்டலாம். அதுவும் கணக்குதான்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உடம்புக்கு நன்மை தரும் வேகம் அதுதான் என்று இங்கே மருத்துவர்கள் சொல்கிறார்கள். பேச ஆள் வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது பாருங்கள்! ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்பது வாரப் பயிற்சி ஒன்று இருக்கிறது. முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, மறுபடி ஓட்டம், இப்படி இருபது நிமிடம். மூச்சு முட்ட ஓடி இரண்டாம் நாளே வெறுத்துப்போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கோவையில் உங்களுக்கு ரேஸ்கோர்ஸ் சாலை இருக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று வந்தால் புஷி பூங்காக் கணக்கு. எதிர்வீட்டு அம்மாவையும் மாமாவையும் கூப்பிடுங்கள். கிழமையும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும், மாற்றவே மாற்றாதீர்கள். முதல் மாதம் ஒரு சுற்று போதும். முட்டிவலிக்காக அந்த அம்மா தயங்கினால், மாமாவை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் அந்த அம்மாவுக்குப் பின்னால் நடங்கள். முடித்துவிட்டு எந்தக் கடையில் காபி குடித்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி